நிலத்தை அடகு வைக்கும் முன்: ஐரோப்பாவில் முதுநிலை படிக்க விரும்பும் உசிலம்பட்டி வாசகிக்கு

உசிலம்பட்டிக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து 26 வயது வாசகி ஒருவர் ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர். மதுரை ஒத்தக்கடையில் உள்ள வேளாண்மைக் கல்லூரியில் 2021இல் நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற்றார். ஒட்டுமொத்தத் தரப்புள்ளி பத்துக்கு 7.6. அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகச் சொட்டுநீர்ப் பாசன நிறுவனம் ஒன்றில் களப் பணி. தந்தைக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம், தாய் நூறு நாள் வேலைக்குப் போகிறார், தம்பி கல்லூரியில் படிக்கிறான். எல்லோருடைய வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாயைத் தாண்டாது. சாதிச் சான்றிதழில் சீர்மரபினர். ஐரோப்பாவில் நீர் மேலாண்மை தொடர்பான முதுநிலைப் படிப்பில் சேர வேண்டும் என்பது நெடுநாள் விருப்பம்.

மதுரையில் உள்ள வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனம் ஒன்று, "நூறு சதவீதம் உதவித்தொகை உறுதி" என்று சொல்லி ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்டிருக்கிறது. முன்பணமாக 20,000 ரூபாயையும், அசல் சான்றிதழ்களையும் இவர் கொடுத்துவிட்டார். மூன்று மாதம் கழித்து, ஜெர்மனியில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தது: கட்டணம் ஆண்டுக்கு 12,000 யூரோ, அதில் 3,000 யூரோ "உதவித்தொகை". மீதித் தொகைக்கு நிலத்தை அடகு வைக்கத் தந்தை தயாராக இருக்கிறார். "இதை விட்டால் எனக்கு வேறு வழி இருக்கிறதா? என் மதிப்பெண்ணுக்கு உண்மையான உதவித்தொகை கிடைக்காது என்கிறார்கள். அரசுத் திட்டங்கள் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மட்டும்தான் என்கிறார்கள். மூன்று வருடம் வேலை பார்த்ததால் படிப்பில் இடைவெளி விழுந்துவிட்டது என்றும் சொல்கிறார்கள்" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தை ஏற்க வேண்டாம். நிலத்தின்மேல் ஒரு ரூபாயும் கடன் வாங்க வேண்டாம். உங்களிடம் சொல்லப்பட்ட மூன்று செய்திகளும் தவறானவை. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களுக்குத் தடை என்று நீங்கள் எழுதியிருப்பவற்றில் பெரும்பாலானவை, சரியான இடத்தில் விண்ணப்பித்தால், உங்கள் பக்கம் நிற்கும் தகுதிகள்.

அந்த 3,000 யூரோவை உதவித்தொகை என்று அழைப்பது சரியல்ல. ஆடி மாதத்தில் துணிக்கடைகள் விலையைப் போட்டு அதன்மேல் தள்ளுபடி தருவதைப் போல, தனியார் கல்வி நிறுவனங்கள் தங்கள் கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்கின்றன. உங்கள் கைக்கு அதிலிருந்து எதுவும் வருவதில்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். தள்ளுபடி போகக் கட்டணம் 9,000 யூரோ. மாணவர் விசா பெற, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான தொகையை முன்கூட்டியே 'பிளாக்டு அக்கவுண்ட்' என்ற கணக்கில் செலுத்திக் காட்ட வேண்டும் என்று ஜெர்மனி கேட்கிறது; 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. இரண்டும் சேர்ந்து 20,904 யூரோ. ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தால், விமானம் ஏறும் முன்பே ஏறத்தாழ 21 லட்சம் ரூபாய் வேண்டும். இது முதல் ஆண்டுக்கு மட்டும்.

அதே ஜெர்மனியில், பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களிடமும் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. பருவத்துக்கு (செமஸ்டருக்கு) நூறு முதல் முந்நூற்றைம்பது யூரோ வரை நிர்வாகத் தொகை மட்டுமே. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் விதித்திருக்கிறது. இந்த விலக்குகளைக் கணக்கில் கொண்டாலும், உதவித்தொகை எதுவும் இல்லாமல் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்வதே, உங்களுக்கு வந்திருக்கும் 'உதவித்தொகை' இடத்தைவிடச் செலவு குறைந்தது. அப்படியென்றால் ஜெர்மனியில் படிப்பு இலவசம்தானே என்று கிளம்பிவிடவும் கூடாது. கட்டணம் இல்லை என்றாலும் வாழ்க்கைச் செலவுக்கான அந்த 11,904 யூரோவைக் காட்டியே ஆக வேண்டும். மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வரை வேலை பார்க்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் மொழி தெரியாத ஊரில் முதல் பருவத்தை அந்தச் சம்பளத்தை நம்பித் திட்டமிடுவது ஆபத்து. எனவே உங்கள் குடும்ப நிலைக்குத் தேவைப்படுவது, கட்டணத்தோடு மாதச் செலவையும் ஏற்கும் முழு உதவித்தொகை. அப்படிப்பட்டவை இருக்கின்றன, அவற்றுக்கு வருகிறேன்.

சான்றிதழ்களை முதலில் மீட்டுக்கொள்ளுங்கள்

இந்த வாரத்திலேயே தம்பியையோ தந்தையையோ உடன் அழைத்துக்கொண்டு நேரில் சென்று, அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தருமாறு எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். மீதிப் பணம் கட்டினால்தான் தருவோம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. கல்விச் சான்றிதழ் பிணையாக வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல என்று கல்லூரிகள் தொடர்பான வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

முன்பணத்தைப் பொறுத்தவரை, "நூறு சதவீதம் உறுதி" என்ற வாக்குறுதி எழுத்திலோ வாட்ஸ்அப் செய்தியிலோ இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. நேர்மையாக வழிகாட்டும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். ஆனால் உதவித்தொகையை யாரும் உறுதி அளிக்க முடியாது, ஏனென்றால் தேர்வுக் குழுவில் அவர்கள் உட்காருவதில்லை. நான் கீழே சொல்லும் அரசு உதவித்தொகைகள் எதற்கும் இடைத்தரகர் தேவையில்லை. பல்கலைக்கழகச் சேர்க்கை விண்ணப்பத்துக்குச் சில இடங்களில் சிறு கட்டணம் உண்டு. ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்களின் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோவும் அடுத்தடுத்தவற்றுக்கு 30 யூரோவும் வாங்குகிறது. அதை நீங்களே நேரடியாகக் கட்டலாம்.

உங்கள் தகுதியைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டீர்கள்

மதிப்பெண்ணிலிருந்து தொடங்குகிறேன். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மதிப்பெண்ணைத் தங்கள் அளவுக்கு மாற்ற ஒரு சூத்திரம் வைத்திருக்கின்றன. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுவார்கள். அதிகபட்சம் 10, தேர்ச்சி 5 என்று வைத்தால், உங்கள் 7.6 அங்கே 2.44 ஆகிறது. அவர்களுக்கு 1 தான் உச்சம், 4 தேர்ச்சியின் விளிம்பு. "2.5 அல்லது அதைவிடச் சிறந்தது" என்று கேட்கும் படிப்புகள் நிறைய இருக்கின்றன, அந்த வரம்புக்குள் நீங்கள் நிற்கிறீர்கள், அதிக இடைவெளி இல்லாமல். மதிப்பெண்ணை மட்டும் வைத்து முதலிடம் பிடிக்க முடியாது. ஆனால் மதிப்பெண்ணால் வெளியே தள்ளப்படவும் மாட்டீர்கள்.

வேலை பார்த்த ஆண்டுகளை இடைவெளி என்று உங்களிடம் சொன்னவர், நீங்கள் குறி வைக்க வேண்டிய உதவித்தொகையின் விதிகளைப் படித்திருக்க மாட்டார். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி., வளர்ச்சிப் பணி சார்ந்த முதுநிலைப் படிப்புகளுக்கு 'எபோஸ்' என்ற திட்டம் நடத்துகிறது. பட்டம் பெற்றபின் குறைந்தது இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் இல்லாதவர் அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. பட்டம் பெற்று ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. நீங்கள் 2021இல் பட்டம் பெற்றவர். எனவே இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் உங்களுக்கு இந்த வாசல் நன்றாகத் திறந்திருக்கிறது, 2027க்குப் பின் மூடிவிடும். உங்கள் கடிதத்தில் அவசரப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

தமிழ்வழிக் கல்வி பற்றிய கூச்சத்தை விட்டுவிடுங்கள். கல்லூரியில் நான்கு ஆண்டுகளும் பாடங்களை ஆங்கிலத்தில்தான் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான படிப்புகள் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 6.5 கேட்கின்றன. இரண்டு மூன்று மாதப் பயிற்சியில் எட்டக்கூடிய அளவுதான் அது. தேர்வு முடிவு இரண்டு ஆண்டுகள் செல்லும் என்பதால், ஒரே தேர்வு இந்த ஆண்டு விண்ணப்பங்களுக்கும் அடுத்த ஆண்டு விண்ணப்பங்களுக்கும் உதவும். பணம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். வீட்டில் படிக்க இடமில்லை என்று எழுதியிருந்தீர்கள். விடுமுறை நாட்களில் மதுரை புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் உட்காருங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அது இன்னொரு வீடாகியிருக்கிறது.

உங்களுக்குப் பொருந்தும் வாசல்கள்

எபோஸ் திட்டத்தை முதலிடத்தில் வையுங்கள். வேளாண்மை, நீர்வளம், ஊரக வளர்ச்சி சார்ந்த படிப்புகள் அதன் பட்டியலில் தொடர்ந்து இடம்பெறுகின்றன. பட்டியல் ஆண்டுதோறும் மாறும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, அதிகபட்சம் மூன்று படிப்புகளைத் தேர்ந்தெடுத்து, அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கே நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். உங்களிடம் சொன்னதுபோல முதலில் சேர்க்கை, பிறகு உதவித்தொகை என்ற வரிசை இங்கே இல்லை. இரண்டும் ஒரே விண்ணப்பத்தில் முடிவாகும். தேர்வானால் மாதம் 992 யூரோவும், மருத்துவக் காப்பீடும், பயணப்படியும் கிடைக்கும். பிளாக்டு அக்கவுண்டில் பணம் போட வேண்டிய கவலையும் தீரும். கடைசித் தேதி படிப்புக்குப் படிப்பு வேறுபடும். பல ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் முடிந்துவிடும். நிறுவனத்தின் கடிதத்தாளில், சேர்ந்த தேதியும் செய்த பணியும் குறிப்பிட்டு, கையெழுத்தும் முத்திரையுமாக ஒரு பணிச் சான்றும் பரிந்துரைக் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு தாள்கள் சரியில்லாமல் போனதால் நல்ல விண்ணப்பங்கள் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுநிலைப் படிப்புகள். பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஒரே படிப்பு. குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பீர்கள். உதவித்தொகை மாதம் 1,400 யூரோ, 24 மாதங்கள் வரை. படிப்புக் கட்டணமும் இல்லை. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம் ஒருங்கிணைத்து வந்திருக்கும் ஊரக வளர்ச்சிப் படிப்பு போன்றவை உங்கள் அனுபவத்தோடு நன்றாக ஒட்டும். அக்டோபர் முதல் ஜனவரி வரை விண்ணப்பக் காலம். உலகம் முழுவதிலிருந்தும் விண்ணப்பிப்பதால் போட்டி கடுமை. ஒன்றோடு நிறுத்தாமல், உங்கள் துறைக்கு உண்மையாகவே பொருந்தும் மூன்று நான்கு படிப்புகளுக்கு விண்ணப்பியுங்கள்.

மூன்றாவது, நம் ஊரில் அதிகம் பேசப்படாதது: இத்தாலி. அங்கே ஒவ்வொரு மாநிலமும் குடும்ப வருமானத்தை அடிப்படையாக வைத்து மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. வெளிநாட்டு மாணவர்களும் அதே விதிகளின்படி விண்ணப்பிக்கலாம். முதல் ஆண்டுக்கு மதிப்பெண்ணைவிட வருமானமே முக்கியம். உங்கள் குடும்ப வருமானம் அந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கிறது. கிடைத்தால் கட்டண விலக்கு, ஆண்டுக்குச் சில ஆயிரம் யூரோ, சில இடங்களில் விடுதி அறையும் உணவும். பதுவா, பொலோனியா போன்ற பழம்பெரும் பல்கலைக்கழகங்களில் வேளாண்மை, சூழலியல் துறைகளில் ஆங்கிலவழி முதுநிலைப் படிப்புகள் இருக்கின்றன. ஆனால் மூன்று சிக்கல்களை அறிந்துகொண்டு இறங்குங்கள். வருமானச் சான்று, நிலம், வீடு, வங்கி இருப்பு ஆகியவற்றுக்கான ஆவணங்களை, வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரையோடு இத்தாலிய மொழிபெயர்ப்பும் செய்து தர வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் தொடங்கி இதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். பணம் தவணையாகவும் தாமதமாகவும் வரும். முதல் சில மாதச் செலவுக்கும் விசாவுக்கும் கையில் தொகை வேண்டும். முதல் ஆண்டில் குறிப்பிட்ட அளவு பாடங்களில் தேர்ச்சி பெறாவிட்டால், வாங்கிய தொகையைத் திருப்பித் தர நேரும்.

நான்காவது, நம் மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை. இதைப் பற்றி உங்களுக்குச் சொல்லப்பட்டதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. சமூக நீதி அமைச்சகம் நடத்தும் இந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு 125 இடங்கள். 115 இடங்கள் பட்டியல் சாதியினருக்கு. ஆனால் 6 இடங்கள் சீர்மரபினருக்கும் நாடோடிப் பழங்குடியினருக்கும், 4 இடங்கள் நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் குடும்பங்களுக்கும் உரியவை. குற்றப் பரம்பரைச் சட்டம் எந்தெந்தச் சமூகங்களை நசுக்கியதோ அவற்றுக்கான இடங்கள் அந்த ஆறும். 1920இல் பெருங்காமநல்லூரில் அந்தச் சட்டத்தை எதிர்த்து உயிரைக் கொடுத்தவர்களின் மண்ணிலிருந்து எழுதும் உங்களுக்கு இது உரிமையோடு கேட்க வேண்டிய ஒன்று. இளநிலைப் பட்டத்தில் 60 சதவீதம், வயது 35க்குள், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள், கியூ.எஸ். என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில் முதல் 500க்குள் வரும் பல்கலைக்கழகத்தில் சேர்க்கை. இவை அடிப்படை நிபந்தனைகள். இடங்களில் 30 சதவீதம் பெண்களுக்கு. படிப்புக் கட்டணம், விமானக் கட்டணம், காப்பீடு, ஆண்டுக்கு 15,400 டாலர் பராமரிப்புத் தொகை என்று முழுச் செலவையும் இது ஏற்கிறது. நீங்கள் ஆசையோடு எழுதியிருந்த நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டவருக்கான கட்டணம் ஆண்டுக்கு 20,000 யூரோவுக்கு மேல், அந்நாட்டின் 'என்.எல். ஸ்காலர்ஷிப்' 5,000 யூரோ மட்டுமே, அதுவும் ஒரே முறை. அந்தப் பள்ளத்தை நிரப்பக்கூடியது இப்படிப்பட்ட திட்டம்தான்.

நாடு முழுவதற்கும் ஆறே இடங்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். இதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. சான்றிதழிலும் கவனம் வேண்டும். சீர்மரபினர் வகுப்பினர் என்றும் சீர்மரபினர் பழங்குடியினர் என்றும் இரண்டு பெயர்கள் வழங்கி வந்த கதை உங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். மத்திய அரசின் திட்டத்துக்கு இரண்டாவது பெயர் உள்ள சான்றுதான் கைகொடுக்கும். உங்களிடம் உள்ளதை எடுத்துப் பாருங்கள். பழைய பெயர் இருந்தால் இ-சேவை மையம் வழியாகப் புதிய சான்றுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். பெயரில் பழங்குடியினர் என்று வருவதால் இது பட்டியல் பழங்குடியினருக்கான சான்று ஆகிவிடாது. விண்ணப்பப் படிவத்தில் அந்த இரண்டையும் குழப்பிவிட வேண்டாம். இதைப் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவர்களுக்கு, தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரான்சின் ஈஃபிள் உதவித்தொகைக்கு முதுநிலை மாணவருக்கான வயது வரம்பு 25. உங்களுக்கு அது இல்லை. ஹங்கேரியின் ஸ்டிபென்டியம் ஹங்காரிகம் திட்டத்தில் கட்டணம் இல்லை, ஆனால் மாத உதவி 43,700 ஃபோரின்ட், அதாவது நூறு யூரோவைச் சற்றே தாண்டும். வீட்டிலிருந்து பணம் அனுப்பாமல் காலம் தள்ளுவது கடினம். அதற்கு ஹங்கேரியின் இணையதளத்திலும் நம் கல்வி அமைச்சகத்தின் இணையதளத்திலும், இரண்டிலும் விண்ணப்பிக்க வேண்டும் என்பது பலர் தவறவிடும் விதி. பிரிட்டனின் செவனிங் முழு உதவித்தொகைதான். 2,800 மணி நேரப் பணி அனுபவம் கேட்கும், அது உங்களிடம் இருக்கிறது. படித்து முடித்ததும் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும். ஊருக்குத் திரும்பி வந்து வேலை செய்யத்தான் ஆசை என்று எழுதியிருக்கும் உங்களுக்கு அது சுமையாக இராது.

எல்லா விண்ணப்பங்களையும் தாங்கும் ஒரு கடிதம்

எஸ்.ஓ.பி. என்று எல்லோரும் சொல்லும் நோக்க விளக்கக் கடிதத்தின் முதல் வடிவை இணைத்திருந்தீர்கள். அந்த ஆலோசனை நிறுவனம் திருத்திக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். "சிறு வயது முதலே எனக்கு வேளாண்மையில் ஆர்வம்", "உலகத் தரம் வாய்ந்த கல்வி", "புகழ்பெற்ற தங்கள் பல்கலைக்கழகம்" என்று ஒரு பக்கம் முழுக்க ஓடுகிறது. எந்த ஊர்ப் பிள்ளையும் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பக்கூடிய கடிதம் அது. தேர்வுக் குழுவினர் ஒரு நாளில் இப்படி எத்தனையோ படித்திருப்பார்கள்.

ஆனால் எனக்கு எழுதிய கடிதத்தின் நான்காம் பக்கத்தில், நீங்கள் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் பகுதிக் கிணற்று நீரில் உப்பு அதிகம். ஆறு மாதத்தில் சொட்டுநீர்க் குழாயின் டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்கிறது. அமிலம் விட்டுக் கழுவச் சொல்லிக் கொடுத்தாலும் ஆள் கூலியும் பயமும் தடுக்கின்றன. கடைசியில் சிறு விவசாயிகள் முழு மானியத்தில் போட்ட லேட்டரல் குழாயைச் சுருட்டி வேலியோரம் எறிந்துவிட்டு, மறுபடி வாய்க்காலில் தண்ணீர் கட்டுகிறார்கள். எந்தத் தோட்டத்தில் எத்தனை மாதத்தில் அடைத்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, உங்கள் விண்ணப்பம் அந்த நோட்டில்தான் இருக்கிறது. மானியம் கொடுத்தும் தொழில்நுட்பம் வயலில் ஏன் நிலைக்கவில்லை என்ற கேள்வியைக் கையில் வைத்திருக்கும் களப் பணியாளரைத்தான் எபோஸ் போன்ற திட்டங்கள் தேடுகின்றன.

முதல் பத்தியில் அந்த வேலியோரக் குழாயை வையுங்கள். இரண்டாவதில் உங்கள் குறிப்புகள் காட்டுவதை எண்களோடு சொல்லுங்கள். 58 கிராமக் கால்வாயில் வைகைத் தண்ணீர் வருவதற்காக உங்கள் ஊர் காத்திருந்த ஆண்டுகளையும், நீர் வராத காலத்தில் ஆழ்துளைக் கிணற்றை நம்ப வேண்டியிருப்பதையும் இரண்டு வரியில் விளக்குங்கள். பிறகு, அந்தப் படிப்பின் பாடத்திட்டத்தில் எந்தப் பாடம் உங்கள் கேள்விக்கு விடை தேட உதவும் என்று பாடத்தின் பெயரைச் சொல்லி எழுதுங்கள். இந்தப் பகுதி மட்டும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மாற வேண்டும். முடிவில், திரும்பி வந்து எங்கே, என்ன வேலை செய்வீர்கள் என்பது. ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும். எழுதிக் கொடுக்க யாருக்கும் பணம் தராதீர்கள். உங்களுக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். பரிந்துரைக் கடிதமும் அவரிடம்தான் கேட்கப் போகிறீர்கள் என்பதால், நோட்டையும் எடுத்துப் போங்கள்.

வீட்டில் பேச வேண்டியது

தந்தை நிலத்தைத் தர முன்வருவது பெரிய மனம். ஆனால் தம்பியின் படிப்பு, தாயின் உடல்நிலை எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கும் ஒரே பிடிமானம் அந்த ஒன்றரை ஏக்கர். இரண்டு ஆண்டு விண்ணப்பித்தும் கிடைக்காமல் போனால் நீங்கள் இழப்பது தேர்வுக் கட்டணமும் சில ஆயிரம் ரூபாயும்தான்; வேலையும் அனுபவமும் அப்படியே இருக்கும். நிலம் போனால் திரும்பாது. பகுதி உதவித்தொகை கிடைத்து, ஒரு சிறு தொகை மட்டும் குறைகிறது என்ற நிலை வந்தால், 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையம் இல்லாமல் கல்விக் கடன் தரும் வழிமுறை அரசு வங்கிகளில் இருக்கிறது. அதற்கு மேல் கடன் தேவைப்படும் எந்த இடத்தையும் உங்கள் நிலையில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்த தை வரை ஒரு வரன் பேச்சும் வேண்டாம் என்று வீட்டில் கேட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு சுற்று விண்ணப்பத்துக்கும் இடம் வைத்து, அடுத்த ஆண்டு முடியும் வரை கேளுங்கள். முதல் முறை மறுக்கப்பட்டு, அதே படிப்புக்கு மறு ஆண்டு திருத்திய கடிதத்தோடு விண்ணப்பித்து வென்றவர்கள் என்னிடம் வந்தவர்களிலேயே இருக்கிறார்கள்.

இது ஆடி மாதம். இந்த மாதத்துக்குள் சான்றிதழ்களை மீட்டு, கோவையில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத் தலைமையகத்துக்கு டிரான்ஸ்கிரிப்ட் (முழு மதிப்பெண் பதிவேடு) கேட்டு விண்ணப்பித்து, ஐ.இ.எல்.டி.எஸ். தேதியைப் பதிவு செய்துவிட்டால், எபோஸின் பிந்திய கடைசித் தேதிகளில் ஒன்றிரண்டையாவது பிடித்துவிடலாம்; எராஸ்மஸ் முண்டஸுக்கு முழுதாக ஆயத்தமாகலாம். மானியக் கோப்புக்காக விவசாயிகளிடம் சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று என்று ஒவ்வொன்றாகச் சேகரித்து, ஒரு தாள் குறையாமல் அடுக்கிக் கொடுப்பதுதான் உங்கள் அன்றாட வேலை. அதே கையால் உங்கள் கோப்பையும் அடுக்குங்கள்.

கடைசியாக ஒரு சிறிய விஷயம், ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகளை மிகவும் அலைக்கழிப்பது. உங்கள் பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்து முன்னால் இருக்கிறது, பட்டச் சான்றிதழில் பின்னால் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப் பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது. ஐரோப்பியப் படிவங்கள் குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் தனித்தனியே கேட்கும். எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் நிரப்புங்கள்; மூன்று வடிவங்களும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து எல்லா விண்ணப்பத்தோடும் இணைத்துவிடுங்கள். புதிதாக எழுதிய எஸ்.ஓ.பி.யை எனக்கு அனுப்பி வையுங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.